யேட்ஸ் எழுதிய சிபாரிசுக் கடிதங்கள்

ஐரிஷ் இலக்கியம் பேசப்படும் இடங்களில் ஒரு கதை தவறாமல் வந்துவிடும். 1902-இல் டப்ளினில் இருபது வயது ஜேம்ஸ் ஜாய்ஸ், முப்பத்தேழு வயது கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸைச் சந்திக்கிறார். விடைபெறும்போது, உங்களுக்கு வயதாகிவிட்டது, இனி உங்களைத் திருத்த முடியாது என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போகிறார். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்பதற்கு இதையே சாட்சியாக வைப்பார்கள். இது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனேன்.

டப்ளினில் வாய்வழியாக உலவிய கதைதான். ஆனால் விரிவான எழுத்துச் சான்று, யேட்ஸ் தன் கட்டுரைத் தொகுப்புக்கு முன்னுரையாக எழுதி அச்சேற்றாமல் விட்ட சில பக்கங்கள். அவர் மறைந்தபின் அவர் மனைவி அவற்றை ஆய்வாளர் ரிச்சர்ட் எல்மனுக்குக் காட்டினார். அந்தக் கதையை ஜாய்ஸ் பிற்காலத்தில் மறுத்தார். ஒருவர் எழுதினார், மற்றவர் மறுத்தார். இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனமில்லை. அதற்குப் பிறகு இருவரும் என்ன செய்தார்கள் என்று கடிதங்களில் பார்த்தேன்.

அதே ஆண்டு டிசம்பரில் ஜாய்ஸ் பாரிஸுக்குப் புறப்படுகிறார். லண்டன் யூஸ்டன் நிலையத்தில் விடிவதற்கு முன்பே போய் நின்று அவரை அழைத்துக்கொண்டவர் யேட்ஸ். காலை உணவு வாங்கிக் கொடுத்து, பத்திரிகை ஆசிரியர்களிடம் கூட்டிப்போய், கவிஞர் ஆர்தர் சைமன்ஸையும் அறிமுகப்படுத்தினார். ஜாய்ஸ் அன்று இனிமையாகப் பழகினார் என்று யேட்ஸ் தன் தோழி லேடி கிரிகரிக்கு வியப்போடு எழுதியிருக்கிறார். சைமன்ஸின் உதவியால்தான் 1907-இல் ஜாய்ஸின் முதல் கவிதை நூல் வெளிவந்தது. 1913-இல் கவிஞர் எஸ்ரா பவுண்டிடம் ஜாய்ஸின் பெயரைச் சொன்னவரும் யேட்ஸ்தான். ஜாய்ஸின் நாவல் பத்திரிகையில் தொடராக வர வழி பிறந்தது அந்தத் தொடர்பில்.

என்னை அதிகம் பிடித்து வைத்தவை 1915-ஆம் ஆண்டுக் கடிதங்கள். போர்க்காலம். ஜாய்ஸ் குடும்பத்தோடு சூரிச்சில் வறுமையில் இருக்கிறார். எழுத்தாளர்களுக்கு உதவும் ராயல் லிட்டரரி ஃபண்டில் பணம் பெற்றுத்தர, யேட்ஸ் விமர்சகர் எட்மண்ட் காஸுக்கு எழுதுகிறார். ஜாய்ஸ் நேச நாடுகளின் பக்கம்தானா என்று காஸ் சந்தேகப்பட, யேட்ஸ் பொறுமையாகப் பதில் எழுதுகிறார். ஜாய்ஸுக்கு அரசியல் தொடர்பே இல்லை என்று சொல்கிறார். 75 பவுண்டு கிடைத்தது. 1904-இலேயே ஓர் அங்கதக் கவிதையில் யேட்ஸ் வட்டாரத்தை ஜாய்ஸ் கிழித்திருந்தார். அதற்குப் பிறகுதான் இவ்வளவும்.

ஜாய்ஸின் வாக்குமூலமும் எழுத்தில் இருக்கிறது. 1932-இல் யேட்ஸ் தொடங்கிய ஐரிஷ் இலக்கிய அகாதமியில் சேர அழைப்பு வந்தது. அக்டோபரில் எழுதிய பதிலில் ஜாய்ஸ் அதை மறுத்துவிட்டார். ஆனால் அதே கடிதத்தில், நீங்கள் எனக்குக் கை கொடுத்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன என்று நன்றி சொல்கிறார். முப்பதைக் கழித்தால் 1902, அந்த அவமதிப்பு நடந்ததாகச் சொல்லப்படும் ஆண்டு.