எந்தச் சட்டத்தின் பேரில்?

அரசாங்க உத்தியோகத்தர் ஒரு வீட்டின் கதவைத் தட்டும்போது உள்ளே இருப்பவனுடைய நெஞ்சில் முதலில் எழுவது அச்சம். அச்சம் மிகுந்த இடத்தில் கேள்வி பிறப்பதில்லை. "எந்தச் சட்டத்தின் பேரில் வந்தீர்?" என்று குடிமகன் ஒருவன் கேட்கலாம் என்பதும், அதற்கு விடைகூற அதிகாரி கடமைப்பட்டவன் என்பதும் இன்று எளிய செய்திகளாகத் தோன்றலாம். ஆயினும் அவை எளிதிற் கிடைத்தவை அல்ல.

1762 ஆம் ஆண்டு நவம்பர் 11 ஆம் நாள். இலண்டன் மாநகரை அடுத்த ஸ்டெப்னியில் வாழ்ந்த ஜோன் என்டிக் என்னும் எழுத்தாளருடைய வீட்டினுள் நேதன் கரிங்டனும் வேறு மூவரும் புகுந்தனர். அவர்கள் அரசனின் தூதர்கள். அரசாங்கத்தைக் கண்டித்தெழுதிய ஒரு பத்திரிகையோடு என்டிக் தொடர்புடையவர் என்பது குற்றச்சாட்டு. அமைச்சராகிய ஹலிபாக்ஸ் பிரபு வழங்கிய ஆணை அவர்கள் கையில் இருந்தது. நான்கு மணி நேரம் அறை அறையாகத் தேடினர், பூட்டுகளை உடைத்தனர், பெட்டிகளைத் திறந்தனர், கண்ட தாள்களை எல்லாம் அள்ளிச் சென்றனர்.

என்டிக் வாளாவிருக்கவில்லை. வந்தவர்கள் தமது வீட்டில் அத்துமீறிப் புகுந்தனர் என்று வழக்குத் தொடுத்தார். எதிர்த்தரப்பார் இரு நியாயங்களை முன்வைத்தனர். இத்தகைய ஆணைகள் நெடுங்காலமாக வழங்கப்பட்டு வந்தன, எவரும் ஆட்சேபித்ததில்லை என்பது ஒன்று. அரசின் பாதுகாப்புக்கு அவை தேவை என்பது மற்றொன்று. 1765 இல் தீர்ப்பளித்த பிரதம நீதியரசர் கம்டன் பிரபு இரண்டையும் ஏற்கவில்லை. அத்தகைய அதிகாரம் இருக்குமாயின் அது சட்ட நூல்களில் இருத்தல் வேண்டும். அங்கே காணப்படாதது சட்டம் ஆகாது என்றார். அஞ்சி அடங்கிய சிலர் எதிர்த்துப் பேசாமல் இருந்தமையால், நாட்டு மக்கள் அனைவரையும் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று பிறந்துவிடாது என்பதும் அவர் தீர்ப்பின் கருத்து. அரசின் தேவை என்னும் வாதத்தையும் பொதுச் சட்டம் அறியாது என்று ஒதுக்கினார். என்டிக்குக்கு நடுவர்குழு விதித்த 300 பவுண் நட்டஈடு நிலைத்தது.

இதே வாதம் 1937 இல் இலங்கையிலும் எழுந்தது. அவுஸ்திரேலியாவிலிருந்து தோட்ட நிருவாகம் பயில வந்த பிரேஸ்கேர்டில் என்னும் இளைஞர், மடுல்கலைப் பகுதியிலுள்ள ரெலுகஸ் தோட்டத்தில் அமர்ந்தார். தோட்டத் தொழிலாளர் பக்கம் நின்றமையால் வேலையை இழந்தார். பின்னர் லங்கா சமசமாசக் கட்சியில் இணைந்து, மேடைகளில் தொழிலாளர் படும் பாட்டைப் பேசினார். துரைமார் வெகுண்டனர். தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்த ஆணையிட்டார். ஏப்ரல் 22 ஆம் நாள் கையளிக்கப்பட்ட அவ்வாணை, இரண்டே நாளில் நாட்டை விட்டு வெளியேறுமாறு பணித்தது. அவர் வெளியேறவில்லை, மறைந்திருந்தார். பின்னர் மே மாதத்தில் காலிமுகத்திடற் கூட்டத்தில் வெளிப்பட்டார். அதன்பின் கைது செய்யப்பட்டபோது, அவருக்காக ஆட்கொணர்வு எழுத்தாணை கோரி உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யப்பட்டது. நியாயதுரந்தரர் எச். வி. பெரேரா வாதாடினார்.

தேசாதிபதி சான்றாகக் காட்டியது 1896 ஆம் ஆண்டின் கோமறைக் கழகத்து ஆணை ஒன்றை. அவ்வாணை நெருக்கடிக் காலத்துக்கெனப் பிறந்தது. அமைதி நிலவும் காலத்தில் அதனைக்கொண்டு ஒருவரைப் பிடிக்க இயலாது என்று பிரதம நீதியரசர் சிட்னி ஏபிரகாம்ஸ் தலைமையில் அமர்ந்த நீதியரசர்கள் மே 18 ஆம் நாள் தீர்ப்பளித்தனர். பிரேஸ்கேர்டில் விடுதலை பெற்றார். தேசாதிபதியாயினும் தமது அதிகாரத்தைச் சட்டத்தில் எடுத்துக் காட்டியே ஆகவேண்டும் என்பது இந்நாட்டிலும் உறுதியாயிற்று.

சட்டம் இருந்தால் மட்டும் போதுமா? பிடிபடுபவன் அதனை அறிய வேண்டாமா? இவ்வினாவுக்கு 1947 இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை விடையளித்தது. லிவர்ப்பூல் நகர வணிகர் ஒருவரைப் பொலிசார் ஒரு காரணத்தைக் கூறிக் கைது செய்தனர். அவர்கள் மனத்தில் இருந்த சந்தேகமோ வேறு. உண்மைக் காரணத்தைக் கூறாத கைது சட்டத்துக்கு மாறானது என்று சபை தீர்ப்பளித்தது. காரணத்தைச் சட்ட மொழியிற் கூறவேண்டியதில்லை. கேட்பவனுக்கு விளங்கினாற் போதும். எதிர்த்துத் தாக்கியோ, தப்பி ஓடியோ காரணம் கூற இடங்கொடாதவன் பின்னர் முறையிட முடியாது. 1951 இல் இலங்கை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் கிரேஷனும் இந்நெறியை வற்புறுத்தினார். 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அதனை அடிப்படை உரிமையாக்கி, 13 ஆம் உறுப்புரையில் நிலைநிறுத்தியது. கைதுசெய்யப்படுபவருக்கு அதன் காரணம் அறிவிக்கப்படல் வேண்டும். அவர் நீதிபதி முன் கொண்டுசெல்லப்படல் வேண்டும். இவ்வுரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்தை நாடலாம்.

ஆயினும் உரிமை ஒரு கையாற் கொடுக்கப்பட்டு, மறு கையாற் குறைக்கப்பட்டதும் உண்டு. பொலிசாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக எண்பிக்க முடியாது என்பது 1895 ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம். 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலை ஏற்க வழிசெய்தது; அது விரும்பிக் கொடுத்ததன்று என்று காட்டும் சுமையையும் கொடுத்தவர் மீதே ஏற்றியது. தமக்கு வாசிக்கத் தெரியாத சிங்கள மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் இடச் செய்தனர் என முறையிட்ட ஒரு தமிழரின் வழக்கை ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு ஆராய்ந்தது. அச்சுமையை அவர் மீது ஏற்றியது நீதியான விசாரணைக்கு முரணானது என்று 2004 இல் அது முடிவு செய்தது. காரணமும் வாக்குமூலமும் ஒருவனுக்கு விளங்கும் மொழியில் இல்லையாயின், ஏட்டில் உள்ள உரிமை ஏட்டோடு நின்றுவிடுகிறது.

பொலிசார் குடிமக்களுக்குப் பகைவர் அல்லர். குற்றத்தைத் தேடுவதும் தடுப்பதும் அவர்கள் கடமை. சட்டம் வழங்கிய அதிகாரத்தை அவர்கள் பயன்படுத்துவதைத் தடுக்க எவருக்கும் உரிமை இல்லை. கைகலந்து எதிர்ப்பவன் தன் வழக்கைத் தானே கெடுத்துக்கொள்கிறான். அமைதியாகக் காரணத்தைக் கேட்பதும், வாசித்து விளங்காத தாளில் ஒப்பமிட மறுப்பதும், நேர்ந்த தவறை நீதிமன்றத்தில் முறையிடுவதும் எதிர்ப்பு ஆகா. என்டிக் கரிங்டனோடு வாசலிற் பொருதவில்லை, மன்றிற் பொருதினார். அவர் மௌனமாக இருந்திருப்பின் ஹலிபாக்ஸ் பிரபுவின் ஆணைகள் மேலும் பல கதவுகளைத் திறந்திருக்கும்.