ஆங்கிலத்தின் ஒழுங்கற்ற வினைச்சொற்கள்

'எட்' என்னும் பொது விகுதியைச் சேர்க்காமல் வேறு வழிகளில் இறந்தகாலத்தையும் எச்சவடிவத்தையும் காட்டும் ஆங்கில வினைகள் ஒழுங்கற்ற வினைச்சொற்கள் எனப்படும். 'வாக்' என்பது 'வாக்ட்' ஆவது ஒழுங்கான மாற்றம். 'சிங்' என்பதோ 'சாங்', 'சங்' எனத் திரிகிறது. இவற்றுள் 'சாங்' தனித்து நின்று இறந்தகாலம் உணர்த்தும். 'சங்' என்னும் எச்சவடிவம் 'ஹேவ்' போன்ற துணைவினையோடும் செயப்பாட்டு வினையிலும் வரும். பள்ளிகளில் மூன்று பத்திகளாக எழுதி மனப்பாடம் செய்விக்கும் பட்டியல் இவற்றுடையதே. பார்வைக்குக் குழப்பமாகத் தெரியும் அந்தப் பட்டியலில் பெரும்பாலான சொற்கள் ஒருகாலத்தில் திட்டமான விதிப்படி நடந்தவை.

பழைய ஆங்கிலத்தின் வினைகளை வலியவை, மெலியவை என இரண்டாகப் பிரிப்பது மரபு. இந்தப் பெயர்களை வழங்கியவர், நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவரான யாக்கோப் கிரிம். வலிய வினைகள் வேரின் உயிரொலியை மாற்றிக் காலம் காட்டின. இந்தோ-ஐரோப்பிய மூலமொழியிலிருந்தே வரும் இவ்வழக்கம் பழைய ஆங்கிலத்தில் ஏழு வகுப்புகளாக அமைந்திருந்தது. 'டிரைவ்–டிரோவ்–டிரிவன்', 'ரைஸ்–ரோஸ்–ரிசன்' ஆகியவை முதல் வகுப்பு. 'சிங்', 'டிரிங்க்', 'ஸ்விம்' ஆகியவை மூன்றாம் வகுப்பு.

மாணவர்களை மிகவும் திணறவைக்கும் இடம் ஒன்று உண்டு. 'சிங்' மூன்று வடிவம் பெறும்போது, அதே வார்ப்பிலான 'ஸ்டிங்' ஏன் 'ஸ்டங்' என்ற ஒன்றோடு நின்றுவிடுகிறது? பழைய ஆங்கிலத்தில் இறந்தகாலத்துக்கே இரண்டு உயிர்கள் இருந்தன: ஒருமைக்கு 'ஆ' சார்ந்தது, பன்மைக்கு 'உ' சார்ந்தது. பிற்காலத்தில் இந்த வேறுபாடு மறைந்தபோது 'சிங்' ஒருமையின் உயிரைத் தக்கவைத்தது. 'ஸ்டிங்', 'ஸ்பின்' ஆகியவை பன்மைக்கும் எச்சத்துக்கும் பொதுவான உயிரை ஏற்றன.

மெலிய வினைகள் 'ட்' சார்ந்த விகுதி பெற்றவை. இன்றைய 'எட்' அதன் வாரிசு. ஆனாலும் அவற்றிலும் சில பட்டியலுக்குள் வந்துவிட்டன. 'கீப்–கெப்ட்' இணையில், விகுதி சேர்ந்து இரு மெய்கள் அடுத்தடுத்து வந்ததால் முன்னிருந்த நெடில் குறுகியது. பின்னர் ஆங்கிலத்தின் நெடில்கள் அனைத்தும் உச்சரிப்பு மாறியபோது குறில் அப்படியே நின்றதால் இடைவெளி கூடியது. 'ஷட்', 'செட்' ஆகியவற்றில் விகுதி வேரின் இறுதி 'ட்' ஒலியிலேயே கரைந்துவிட்டது. 'கோ' என்பதன் கதை வேறு: அதன் 'வென்ட்' உண்மையில் 'வெண்ட்' என்ற இன்னொரு வினையின் இறந்தகாலம்.

இவை நிலைப்பதும் அழிவதும் வழக்கின் அளவைப் பொறுத்தது. 2007இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு, பழைய ஆங்கிலத்தின் 177 ஒழுங்கற்ற வினைகளைப் பின்தொடர்ந்தது. அவற்றில் இடைக்கால ஆங்கிலத்தில் 145உம் இன்று 98உம் அவ்வாறே எஞ்சியுள்ளன. நூறு மடங்கு அரிதாக வழங்கும் வினை பத்து மடங்கு விரைவாக 'எட்' விகுதிக்கு மாறுகிறது என்பது அதன் முடிவு. 'ஹெல்ப்' தன் பழைய 'ஹோல்ப்', 'ஹோல்பன்' வடிவங்களை இழந்தது இவ்வாறே. 'பி', 'ஹேவ்', 'டூ', 'கோ' போன்றவை அன்றாடம் நாவில் புழங்குவதால் அசையாமல் நிற்கின்றன.

எதிர்த்திசைப் பயணமும் உண்டு. 'டிக்' முன்பு 'டிக்ட்' என்றே வழங்கி, பின்னர் 'டக்' ஆனது. மெலிய வினையாக இருந்த 'வேர்' இன்று 'வோர்', 'வோர்ன்' எனத் திரிகிறது. அமெரிக்காவில் 'ஸ்னீக்' என்பதற்கு 'ஸ்னக்' என்னும் வடிவம் பரவியுள்ளது. இங்கிலாந்தின் பொதுவழக்கில் பெரிதும் மறைந்துபோன, 'கெட்' என்பதன் 'காட்டன்' என்னும் எச்சமும் அங்கே இன்றுவரை வழங்கிவருகிறது.