எண்ணை மட்டும் படிக்கும் பெட்டி

அலுவலகத்துப் பெரிய பிரிண்டரின் ஓரத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கறுப்புப் பெட்டி ஒட்டியிருக்கும். கழுத்தில் தொங்கும் ஐடி கார்டை அதன் அருகே கொண்டுபோனால் ‘பீப்’ என்று சத்தம் வரும், திரையில் நம் பெயர் தெரியும். அரை மணி நேரத்துக்கு முன்பு மேசையிலிருந்து கொடுத்த பிரிண்ட் அப்போதுதான் வெளியே வரத் தொடங்கும். பிரிண்டர் நம்மை அடையாளம் கண்டுகொண்டதாகவே பலரும் நினைக்கிறார்கள். அந்தப் பெட்டிக்கு நம்மைத் தெரியவே தெரியாது. அது பிரிண்டருக்காகப் பிறந்ததும் அல்ல.

அதன் பூர்வீகத்தைத் தேடிப் போனால் ஓர் ஒற்று வேலையில் போய் நிற்போம். 1945 ஆகஸ்டில் மாஸ்கோவில் சோவியத் சிறுவர் அமைப்பினர் அமெரிக்கத் தூதர் அவெரல் ஹாரிமனுக்கு ஓர் அன்பளிப்பு கொடுத்தார்கள். மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரை அது. தூதரின் இல்லத்துச் சுவரில் அது ஏழு ஆண்டு தொங்கியது. உள்ளே இருந்தது லியோன் தெரமின் செய்த ஒட்டுக்கேட்கும் கருவி. அதற்கு பேட்டரி கிடையாது, மின்கம்பி கிடையாது. வெளியிலிருந்து யாராவது ரேடியோ அலையைப் பாய்ச்சினால்தான் அதற்கு உயிர் வரும். அறையில் பேசுவதை அந்த அலையின் மேலேயே ஏற்றித் திருப்பி அனுப்பும். 1952இல் அமெரிக்கர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். 1960இல் ஐ.நா. பாதுகாப்பு அவையில் எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டினார்கள். கையால் தொடாமலே வாசிக்கும் இசைக்கருவி ஒன்றை அதற்கு முன்பே செய்து புகழ் பெற்றிருந்தவர் இந்தத் தெரமின்.

கேட்பவரிடமிருந்தே ஆற்றலை வாங்கிக்கொண்டு அவருக்குப் பதில் சொல்வது என்பதுதான் அந்த முத்திரைக்குள் இருந்த தந்திரம். அதைக் கதவுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் சார்லஸ் வால்டன். ஐபிஎம்மில் பணியாற்றிவிட்டு வெளியேறிய அமெரிக்கர். கார்டைக் காட்டினால் பூட்டு திறக்கும் ஏற்பாட்டுக்கு 1973இல் காப்புரிமை பெற்றார். ஸ்லேஜ் என்ற பூட்டு நிறுவனம் அவரிடம் உரிமம் வாங்கியது.

அதே பத்தாண்டில் வேறொருவரின் கண்டுபிடிப்பும் கதவுக்கு வந்து சேர்ந்தது. ஜான் வீகண்ட் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்கு இசை படிக்க வந்தவர். (இந்தக் கதையில் இரண்டாவது இசைக்காரர்!) கோபால்ட், இரும்பு, வனேடியம் கலந்த மெல்லிய கம்பியை ஒரு வகையில் முறுக்கிப் பதப்படுத்தினால் காந்தப் புலத்தில் அதன் காந்தத் திசை திடீரென்று மாறி ஒரு மின்துடிப்பைத் தரும் என்று அவர் கண்டார். அந்தக் கம்பித் துண்டுகளைப் புதைத்த கார்டுகள் அமெரிக்க அலுவலகங்களில் பரவின. கம்பி வைத்த கார்டுகள் பின்னர் வழக்கொழிந்துவிட்டன. ஆனால் அவற்றுக்காக வகுத்த எண் அமைப்பு இன்றும் சாகவில்லை. மொத்தம் 26 பிட்: கட்டடத்துக்கு 8, கார்டுக்கு 16, சரிபார்க்க இரண்டு. ஒரு கட்டடக் குறியீட்டுக்குள் 65,536 கார்டுகள்தான் அடங்கும். குறியீடுகளோ 256தான். ஒரு குறியீட்டை யாரும் தங்களுக்கென்று ஒதுக்கிவைத்துக்கொள்ள முடியாது என்பதால் இரண்டு நிறுவனங்களில் ஒரே எண் கொண்ட கார்டுகள் இருக்க வாய்ப்பு உண்டு. பல அலுவலகங்களில் பிரிண்டர் இன்றும் படிப்பது இந்த எண்ணைத்தான்.

கம்பிக்குப் பதிலாகச் செம்புச் சுருளும் சிப்பும் வந்தன. கார்டைப் படிக்கும் பெட்டியான ரீடருக்குள்ளும் ஒரு சுருள் இருக்கிறது. அது நொடிக்கு 1,25,000 முறை (125 கிலோஹெர்ட்ஸ்) அலையும் காந்தப் புலத்தை உண்டாக்கும். கார்டு அருகில் வந்ததும் அதன் சுருளில் மின்சாரம் ஊறும், சிப் விழிக்கும், தன் எண்ணைத் திரும்பத் திரும்ப ஒப்பிக்கும். யார் கேட்கிறார்கள் என்று அது பார்ப்பதில்லை. ஹியூஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் கிளையாக 1991இல் தொடங்கிய எச்ஐடி இந்த வகைக் கார்டுகளை உலகம் முழுக்க விற்றது.

மறுபுறம், ஆஸ்திரியாவின் கிராட்கோர்ன் என்ற சிற்றூரில் மிக்ரான் என்ற நிறுவனம் 1994இல் மைஃபேர் கார்டை வெளியிட்டது. பேருந்துக் கட்டணம் வசூலிக்க எழுந்தது அது. அலைவரிசை 13.56 மெகாஹெர்ட்ஸ். உள்ளே 16 அறைகள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு. பேருந்துக்குச் செய்ததை அலுவலகங்கள் கதவுக்கு எடுத்துக்கொண்டன.

இத்தனைக்கும் பிறகுதான் பிரிண்டர் வருகிறது. ஆளுக்கொரு பிரிண்டர் என்றிருந்த காலம் போய், மாடிக்கு ஒன்று என்று நெட்வொர்க் பிரிண்டர்கள் வந்தபோது ஒரு சிக்கலும் கூடவே வந்தது. சம்பளப் பட்டியல், ராஜினாமாக் கடிதம், மருத்துவ அறிக்கை எல்லாம் தட்டில் குவிந்து கிடந்தன. எடுக்க வந்தவர் தன்னுடையதைத் தேட அடுத்தவருடையதையும் புரட்ட வேண்டும். முதலில் எண்பலகையில் ரகசிய எண் அடிக்கச் சொன்னார்கள். கையில் கோப்பும் காபியுமாக வருகிறவருக்கு அது பெரிய தொல்லை. ஆனால் கதவு திறக்கக் கொடுத்த கார்டு எல்லோர் கழுத்திலும் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. புதிதாக எதையும் கொடுக்க வேண்டியதில்லை.

பிரிண்டருக்குள் ரீடர் நுழைந்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பல ரீடர்கள் கீபோர்டாக வேஷம் போடுகின்றன. அப்படிப்பட்ட ரீடரின் யுஎஸ்பி வயரை லேப்டாப்பில் செருகி, நோட்பேடைத் திறந்து, கார்டைக் காட்டிப் பாருங்கள். யாரோ தட்டச்சு செய்வதுபோல எண்கள் வரிசையாக வந்து விழும், கடைசியில் என்டர். பிரிண்டரும் அதை அப்படியே வாங்கிக்கொள்கிறது. சர்வரில் ஒரு பட்டியல் இருக்கிறது: இந்த எண்ணுக்கு இந்த ஊழியர். புதுக் கார்டு என்றால் முதல் முறை மட்டும் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டு முடிச்சுப் போட்டுக்கொள்ளும். எச்பி தன் பெரிய எந்திரங்கள் பலவற்றில் ரீடர் உட்காரவென்றே ஒரு பொந்து வைத்துவிட்டது.

ரீடரை நிறுவும் பணியாளர்களை அழவைப்பதும் கார்டின் இந்த எண்தான். எடுத்துக்காட்டாக, கட்டடக் குறியீடு 12, கார்டு எண் 3456 என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரீடர் இரண்டையும் தனித்தனியே தரும். இன்னொன்று சேர்த்து 789888 என்று தரும். மூன்றாவது, பைட்டுகளைப் பின்னிருந்து படித்து 8391948 என்று தரும். மூன்றும் ஒரே கார்டு, மூன்றும் சரி. பட்டியலோ ஒன்றைத்தான் ஏற்கும். மூன்றாவது மாடியில் வேலை செய்யும் கார்டு நான்காவது மாடியில் மறுக்கப்பட்டால் கார்டு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். இரண்டு ரீடர்களும் ஒரே வரிசையில் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி மைஃபேர் பூட்டுகளின் கதை. 2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் கார்ஸ்டன் நோல், ஹென்ரிக் ப்ளோட்ஸ் இருவரும் மைஃபேர் கிளாசிக் கார்டின் ரகசியப் பூட்டு வழிமுறையைச் சிப்பையே சீவிப் படம்பிடித்துப் படித்ததை விளக்கினார்கள். அடுத்த ஆண்டு நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையை வெளியிடக் கூடாது என்று, மைஃபேரின் உரிமையாளராகிவிட்டிருந்த என்எக்ஸ்பி வழக்குப் போட்டது. நீதிமன்றம் மறுத்துவிட்டது. உலகமெங்கும் கதவுக்காரர்கள் பதறினார்கள். பிரிண்டர் பக்கம் அவ்வளவு பதற்றம் இருந்திருக்கத் தேவையில்லை, ஏனென்றால் பெரும்பாலான பிரிண்டர் ரீடர்கள் அந்தப் பூட்டைத் தொடுவதே இல்லை. பூட்டுக்கு வெளியே எழுதியிருக்கும் வரிசை எண்ணை மட்டும் படித்துவிட்டுப் போய்விடுகின்றன. அந்த எண்ணை என்எஃப்சி உள்ள பல செல்போன்களும் படிக்கும். 125 கிலோஹெர்ட்ஸ் கார்டுகளை நகலெடுக்கவோ மலிவான கருவிகளே போதும்.

செல்போனையே கார்டாகக் காட்டலாமே என்று கேட்பார்கள். கார்டாக நடிக்கும் ஆண்ட்ராய்டு போன்கள் பொதுவாக ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு வரிசை எண்ணைச் சொல்லும். யாரும் பின்தொடரக் கூடாது என்பதற்கான நல்ல ஏற்பாடு அது. மாறாத எண்ணை நம்பியிருக்கும் பிரிண்டருக்கு அந்த போன் தினமும் அந்நியர்தான். அதற்கென்று தனிச் செயலியும் புது வகை ரீடரும் வேண்டும்.

என் கணக்கில், இந்தப் பெட்டி தந்த பாதுகாப்பின் பெரும்பகுதி கார்டால் வந்ததல்ல. ஆள் நேரில் வரும்வரை பிரிண்ட் காத்திருக்கிறது, அதனால் வந்தது. கொடுத்துவிட்டு மறந்தவை தாளாகாமலே அழிந்துபோகின்றன. கார்டு அந்தக் காத்திருப்பைச் சுலபமாக்கியது. அது ரகசியம் காக்கும் கருவி என்று விற்பவர்கள் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்கள். மருத்துவமனை, வங்கி, வழக்கறிஞர் அலுவலகம் போன்ற இடங்களில் கார்டோடு நான்கு இலக்க எண்ணையும் கேட்பதே முறை.

கார்டு தொலைந்தால் செக்யூரிட்டியிடம் சொல்லி வாசலில் முடக்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். வாசலின் பட்டியலும் பிரிண்டரின் பட்டியலும் பல அலுவலகங்களில் வெவ்வேறு சர்வர்களில் இருக்கின்றன. ஒன்றில் அழித்தது மற்றொன்றில் அழியாது. பிரிண்டரைப் பார்த்துக்கொள்பவரிடமும் தனியாக ஒரு வார்த்தை சொல்லி உங்கள் எண்ணை நீக்கச் சொல்லுங்கள்.