நிலையில்லாத கை: போக்கரில் மூன்றாவது ஆள் செய்யும் வேலை

போக்கர் ஆடுகிறவர்களுக்குள் தீராத ஒரு சச்சரவு உண்டு. இப்போதைக்கு உங்கள் கைதான் முன்னணியில் இருக்கிறது. ஆனால் இன்னும் ஒரு சீட்டு திரும்பினால் வேறு யாராவது முந்திவிடலாம். எதிரே ஒருத்தர் மட்டும் என்றால் பரவாயில்லை, மூணு நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பணம் கட்டுவதா, சும்மா விடுவதா?

இது என்றைக்கும் இருந்த கேள்வின்னுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஆரம்பகாலப் போக்கரில் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸிலும் மிசிசிப்பி நதியின் நீராவிக் கப்பல்களிலும் ஆடிய போக்கருக்கு 20 சீட்டுதான்: ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து. நாலு பேர், ஆளுக்கு 5 சீட்டு, அதோடு கட்டு காலி. ஜோசப் கோவெல் என்ற ஆங்கிலேய நடிகர் 1829இல் கப்பலில் பார்த்ததாக எழுதியதும் இந்த ஆட்டத்தைத்தான். இதில் புதுச் சீட்டு எடுக்கிற பேச்சே கிடையாது. கொடுத்த நொடியில் யார் கை பெரிதோ, கடைசிவரை அதுதான் பெரிது. பிறகு 52 சீட்டுக் கட்டு வந்தது. அந்த நூற்றாண்டின் நடுவில், வேண்டாததைப் போட்டுவிட்டுப் புதுச் சீட்டு வாங்கும் வழக்கமும் வந்தது. இன்று ஜெயிக்கிற கை நாளை தோற்கலாம் என்ற பயம் போக்கருக்குள் நுழைந்தது அப்போதுதான்.

அடுத்து கணித மேதை ஜான் வான் நாய்மன். 1928இல் பொழுதுபோக்கு விளையாட்டுகளின் கோட்பாட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1944இல் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னோடு சேர்ந்து எழுதிய பெரிய புத்தகத்தில் போக்கருக்கு ஒரு மாதிரி கட்டினார். அதில் இரண்டே பேர். கையின் மதிப்பு 0 முதல் 1 வரை ஒரு எண். அவர் கண்ட முடிவு இது: மிக நல்ல கையோடு பணம் கட்டு, மிக மோசமான கையோடும் சில நேரம் கட்டு (இதுதான் 'பிளஃப்'), நடுத்தரக் கை என்றால் சும்மா இரு.

ஆட்டக்காரர்களின் அனுபவமோ நேர்மாறாகச் சொன்னது: நடுத்தரக் கைக்குத்தான் பணம் கட்டணும், இல்லைன்னா எல்லாரும் இலவசமாக அடுத்த சீட்டைப் பார்த்துவிடுவார்கள். யார் சொன்னது சரி? என் பார்வையில் இரண்டுமே சரி. வான் நாய்மன் மாதிரியில் ஒருமுறை வந்த எண் மாறவே மாறாது. தெரிந்தோ தெரியாமலோ அவர் அந்தப் பழைய கப்பல் ஆட்டத்தைத்தான் ஆராய்ந்திருக்கிறார்.

இன்று உலகம் முழுக்க ஆடும் டெக்சஸ் ஹோல்டம் ஆட்டத்தில் ஆளுக்கு 2 சீட்டு மறைவாக. மேசையில் பொதுவாக 5 சீட்டு படிப்படியாகத் திறக்கும். கையில் ஜோடி ஏஸ் இருந்தால் அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. ஏதோ ஒரு கை வைத்திருக்கும் ஒருவரோடு கடைசிவரை போனால் ஜெயிக்க வாய்ப்பு சுமார் 85 சதவீதம். இரண்டு பேர் என்றால் 73, மூன்று பேர் என்றால் 64. ஐந்து பேர் வந்துவிட்டால் பாதிக்கும் கொஞ்சம் கீழே. சீட்டு அதேதான், ஆள் கூடக்கூட நிலை ஆட்டம் காண்கிறது.

டேவிட் ஸ்க்லான்ஸ்கி 'தியரி ஆஃப் போக்கர்' புத்தகத்தில் ஓர் அடிப்படை விதி சொன்னார். சுருக்கமாக: எதிராளி செய்யும் ஒவ்வொரு தப்பும் உனக்கு லாபம். இரண்டு பேருக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். 1990களில் ஆண்டி மார்ட்டன் என்ற ஆட்டக்காரர், மூன்றாவது ஆள் இருந்தால் இது உடையும் என்று கணக்கோடு காட்டினார். அதை நானே ஒரு கை எடுத்துப் போட்டுப் பார்த்தேன்.

மேசையில் கிளாவர் ராஜா, ஆர்ட்டின் 9, ஆர்ட்டின் 4, ஸ்பேட் 2. இன்னும் ஒரே ஒரு சீட்டு பாக்கி. என்னிடம் கிளாவர் ஏஸ், டைமண்ட் ராஜா. இரண்டாமவரிடம் ஆர்ட்டின் ஜாக்கியும் 8ம்; இன்னொரு ஆர்ட்டின் வந்தால் ஜெயிப்பார், அப்படி 9 சீட்டு உண்டு. மூன்றாமவரிடம் ஸ்பேட் 10, ஸ்பேட் 9. அவருக்கு உதவுவது 4 சீட்டு. தெரியாத சீட்டு மொத்தம் 42. நடுவில் 600 டாலர், ஒரு பந்தயம் 100 டாலர். நான் கட்டுகிறேன், ஆர்ட்டின்காரர் எப்படியும் தொடர்வார்.

மூன்றாமவர் சீட்டைக் கவிழ்த்தால் என் சராசரி வரவு, கட்டிய 100 போக, சுமார் 529. தப்பாக அவர் தொடர்ந்தால் 521. தப்பு செய்தவர் அவர், சராசரியாக இழப்பதும் 14 டாலர். ஆனால் கூடவே எனக்கும் 7 டாலர் போகிறது! அந்த 21ம் ஆர்ட்டின்காரர் மடியில் விழுகிறது. யாரும் யாரோடும் கூட்டுச் சேரவில்லை, ஆனால் விளைவு கூட்டுச் சேர்ந்த மாதிரிதான். நிறைய பேர் உள்ள மேசையில் ஒழுங்காக ஆடியும் தோற்கிறவர்களின் புலம்பலுக்கு இதில் கொஞ்சம் நியாயம் இருக்கு.

அதுக்காகப் பயந்து சும்மா விட்டால்? கடைசிச் சுற்றுப் பந்தயத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், வரவு 414தான். ஆக, அவர் கவிழ்த்தாலும் தொடர்ந்தாலும் கட்டுவதே மேல். "எவனும் கவிழ்க்கப் போறதில்லை, எதுக்குக் கட்டணும்?" என்ற வாதம் இங்கே நிற்காது.

ஒரு எச்சரிக்கை: இந்தக் கணக்கில் நான்தான் முன்னணி என்று எனக்குத் தெரியும். நிஜ மேசையில் தெரியாது. ஆள் கூடினால், ஏற்கெனவே ஒருத்தர் நம்மை முந்தியிருக்கும் வாய்ப்பும் கூடும். அதனால் ராஜா ஜோடிக்குப் பொருந்துவது 9 ஜோடிக்கு அப்படியே பொருந்தாது. பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது "என்னை முந்த முடியுமா?" என்பதை மட்டும் அல்ல, "நான் இப்போது முன்னால்தான் இருக்கிறேனா?" என்பதை முதலில்.

கணினிகளும் இதே வாசலில்தான் தயங்கி நின்றன. இருவர் ஆட்டத்தில் லிப்ராட்டஸ் 2017இல் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. ஆறு பேர் மேசையில் புளூரிபஸ் வென்றது 2019இல். இருவர் ஆட்டத்தில், சமநிலை உத்தியைப் பிடித்து ஆடினால் நீண்ட ஓட்டத்தில் தோற்கமாட்டாய் என்று கணிதம் உத்தரவாதம் தரும். மூன்றாவது ஆள் உட்கார்ந்ததும் அந்த உத்தரவாதம் போய்விடுகிறது. புளூரிபஸ் ஜெயித்ததும் அந்த உத்தரவாதம் இல்லாமல்தான்.