மிலிட்டரிக்காரர் வீட்டு மணியார்டர்

ஆவடி என்றதும் சென்னைக்காரர்களுக்கு டாங்க்தான் ஞாபகம் வரும். சரிதான். 1965 டிசம்பரில் முதல் விஜயந்தா டாங்க் வெளியே வந்தது அங்கே இருக்கிற கனரக வாகனத் தொழிற்சாலையில் இருந்துதான். பக்கத்திலேயே பட்டாளத்துக்கு உடுப்பு தைக்கிற தொழிற்சாலை, விமானப்படை நிலையம், சி.ஆர்.பி.எஃப். முகாம். ஆவடி என்ற பேரே ஏதோ இங்கிலீஷ் ராணுவப் பெயரின் முதலெழுத்துகள் என்றுகூட ஒரு கதை சுற்றுகிறது. நான் நம்புவதில்லை. ஆ என்றால் மாடு. மாடு மேய்ந்த இடத்துக்கு மாட்டை வைத்துப் பேர் வந்திருக்கும் என்பதுதான் ஒரு விவசாயிக்குத் தோன்றுகிற விளக்கம்.

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் ஏரித் தண்ணியை நம்பி நெல் போடுகிற எங்க மாதிரி ஊர்களுக்குப் பட்டாளம் இன்னொரு வழியாகவும் தெரியும். தெருவுக்கு ஒரு வீடாவது 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று பேர் வாங்கியிருக்கும். வேடிக்கை என்னன்னா, அந்த வீட்டில் மிலிட்டரிக்காரர் மட்டும் இருக்க மாட்டார். வருஷத்தில் பத்து மாசம் அவர் பொண்டாட்டி, அம்மா, பிள்ளைங்க, ரெண்டு மாடு. நாத்து எப்ப விடுறது, நாமே பயிர் வைக்கிறதா குத்தகைக்கு விடுறதா, மதகுத் தண்ணி முறை ராத்திரியில் வந்தால் யார் மண்வெட்டி எடுத்துக்கிட்டுப் போறது, எல்லாம் அந்தப் பொம்பளை தலையில்தான் விழும். அந்த மாதிரி வீடுகள் எப்படி ஓடின என்று தேடிப் படித்ததையும் கண்ணால் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன். நான் பிடித்துக்கொண்ட நூல் ஒன்றுதான்: புருஷன் சம்பளத்தில் வீட்டுக்கு வந்த பங்கு, அது யார் பேருக்கு வந்தது?

கும்பினி காலத்தில் பூந்தமல்லி ஒரு கண்டோன்மென்ட். கப்பலில் வந்து இறங்கிய வெள்ளைச் சிப்பாய்களையும் உடம்பு முடியாதவர்களையும் வைத்துப் பார்த்துக்கொண்ட இடம். நம்ம ஆட்கள் சேர்ந்தது மெட்ராஸ் பட்டாளம். இதற்கும் வங்காளப் பட்டாளத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வங்காளத்துச் சிப்பாய் குடும்பத்தை அவத்திலோ பீகாரிலோ கிராமத்தில் விட்டுவிட்டுத் தனி ஆளாக வருவான். மெட்ராஸ் சிப்பாய் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போவான். ரெஜிமென்ட் எங்கே போகிறதோ அங்கே 'லைன்' வீடுகளில் மனைவி, பிள்ளை, மாமியார், சட்டி பானை எல்லாம் இருக்கும். அணிவகுப்பு ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போனால் பின்னாலேயே மாட்டு வண்டிகளில் குடும்பங்களும் போகும். சிப்பாயின் பையன்களில் சிலரைச் சின்ன வயசிலேயே கொஞ்சம் சம்பளம் போட்டுப் பட்டாளத்துக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். பட்டாளமே ஒரு நகரும் கிராமம் மாதிரி இருந்தது.

இந்த ஏற்பாடு எங்கே உடைந்தது என்றால், கடலில். 1824 மே மாசம் ரங்கூனில் இறங்கிய படையில் பெரும்பங்கு மெட்ராஸ் பட்டாளம்தான். கப்பலில் குடும்பத்தை ஏற்ற முடியாது. அங்கே சண்டையில் செத்தவர்களைவிடக் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் செத்தவர்கள் அதிகம். இங்கே விட்டுப்போன குடும்பம் என்ன சாப்பிடும்? அதற்காகக் 'குடும்பச் சான்று' என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். சிப்பாய் தன் சம்பளத்தில் இவ்வளவு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவான். மாசாமாசம் அந்தத் தொகையைக் குடும்பம் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். காலாட்படைச் சிப்பாயின் அடிப்படைச் சம்பளம் அப்போது மாதம் 7 ரூபாய். அதில் பாதியை எழுதிக் கொடுத்தால் அங்கே அவன் கையில் என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

1844-ல் நடந்தது அந்தக் கணக்கு சம்பந்தப்பட்ட விஷயம்தான். மெட்ராஸ் காலாட்படையின் 47-வது ரெஜிமென்ட் பர்மாவின் மோல்மேனுக்குப் போக வேண்டியது. திடீரென்று சிந்துவுக்குப் போ என்று உத்தரவு மாறியது. அப்போது மெட்ராஸ் கவர்னராக இருந்த ட்வீடேல், பர்மாவுக்குப் போனால் என்ன படி கிடைக்குமோ அதே படி சிந்துவிலும் கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்தார். அதை நம்பிச் சிப்பாய்கள் சம்பளத்தில் தாராளமாக ஒரு பங்கைக் குடும்பங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார்கள். பம்பாய் போய்ச் சேர்ந்ததும் சேதி வந்தது: கல்கத்தாவில் இருந்த மேலிடம் அந்த வாக்கை ஏற்கவில்லை, பர்மா படி கிடையாது. வீட்டுக்கு எழுதிக் கொடுத்தது போக மிச்சத்தில் சாப்பிடவே காணாது. அணிவகுப்பில் கீழ்ப்படிய மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். கடைசியில் முன்பணம் கொடுத்துத்தான் ஆற்ற முடிந்தது.

சரித்திரப் புத்தகங்களில் இது 'கலகம்' என்ற தலைப்பில் நாலு வரியில் முடிந்துவிடும். எனக்கு அதைப் படிக்கும்போது எங்க ஊர் வீடுகள்தான் கண்ணில் வந்தன. வீட்டுக்கு எழுதிக் கொடுத்ததைக் குறைத்துக்கொள்ளலாமே என்று அந்தச் சிப்பாய்களில் எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்? பம்பாயில் உட்கார்ந்துகொண்டு மெட்ராஸில் வாங்குகிற அரிசியைக் குறைக்க எந்த ஆம்பளைக்கும் மனசு வராது என்றுதான் நினைக்கிறேன்.

1880-ல் தபால் இலாகா மணியார்டர் கொண்டுவந்தது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது போனைத் தட்டிப் பணம் அனுப்புகிறவர்களுக்குப் புரியாது. பட்டாளத்து ஆபீஸ் வாசலில் போய் நிற்க வேண்டிய பணம், தபால்காரர் கையில் வீட்டுத் திண்ணைக்கே வர ஆரம்பித்தது.

முதல் உலகப் போருக்கு மெட்ராஸ் மாகாணத்திலிருந்து போனவர்கள் தொண்ணூறாயிரம் பேருக்கு மேல். சண்டைக்காரர்கள் மட்டும் கிடையாது. மூட்டை தூக்கினவர், சமையல்காரர், மாடு ஓட்டினவர் எல்லாம் அதில் அடக்கம். சில ஊர்களில் இன்றைக்கும் ஒரு சின்ன சலவைக்கல் பார்க்கலாம். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று இங்கிலீஷில் எண்ணிக்கை மட்டும் இருக்கும். பேர்கூடக் கிடையாது. அந்தப் போரில் இறந்த இந்தியச் சிப்பாய்கள் சுமார் 74 ஆயிரம் பேர். போர் முடிகிற சமயத்தில், 1918-ல், வந்த விஷக்காய்ச்சலில் இந்தியாவில் செத்தவர்கள் ஒரு கோடிக்கு மேல். அதே வருஷம் மழையும் பொய்த்தது. போரில் செத்தவர்களைவிட வீட்டில் காய்ச்சலில் செத்தவர்கள்தான் அதிகம் என்று சொன்னால் மிகையாகத் தெரியலாம், ஆனால் எண்ணிக்கை அப்படித்தான் இருக்கிறது. அவர்களுக்கு எந்தக் கல்லும் கிடையாது.

இரண்டாம் போரில்தான் ஆவடி ராணுவ ஊர் ஆனது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். வீட்டுப் பக்கம் மட்டும் சொல்கிறேன். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் ஜப்பான்காரன் கையில் மாட்டினார்கள். அந்தக் குடும்பங்களுக்கு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. பர்மா விழுந்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. விலை ஏறியது. மணியார்டர் அதே தொகைதான். மூணு மரக்கால் வாங்கின காசுக்கு ரெண்டு வாங்க முடியாத நிலைமையில் வீட்டை ஓட்டியது யார் என்று கேட்க வேண்டியதில்லை.

இனி நான் பார்த்தது.

எங்க தெருவில் ஒரு அத்தை. சொந்தம் கிடையாது, தெரு முறைக்கு அத்தை. மாமா பட்டாளத்தில். கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் மணியார்டர் மாமாவின் அப்பா பேருக்குத்தான் வந்துகொண்டிருந்தது. அது அவர் கெட்டவர் என்பதால் இல்லை, அப்போது எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து நோட்டை எண்ணுவார், தாத்தா கைநாட்டு வைப்பார், அத்தை கதவோரம் நிற்பாங்க. உரத்துக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று கணக்கு அத்தை தலைக்குள் இருக்கும்; காசு தாத்தா மடியில் இருக்கும். பிள்ளைக்கு ஜுரம் என்றாலும் கேட்டு வாங்கித்தான் பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறணும்.

மணியார்டர் ஃபாரத்தின் அடியில் ஒரு துண்டு இருக்கும், கூப்பன். அதில் நாலு வரி எழுதலாம். "நலம். நலமறிய ஆவல். 300 அனுப்பியுள்ளேன். மாட்டைப் பார்த்துக்கொள்ளவும்." தாத்தா பணத்தை வைத்துக்கொண்டு அந்தத் துண்டை மட்டும் உள்ளே கொடுப்பார். அத்தை அதை ட்ரங்க் பெட்டியில் போட்டு வைப்பாங்க. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. இன்லேண்ட் லெட்டர் வந்தாலும் படித்துக் காட்டுவது நான், பதில் எழுதுவதும் நான். ஏழாவதோ எட்டாவதோ படித்துக்கொண்டிருந்தேன். முகவரியில் ஊர் பேரே இருக்காது. நம்பர், பேர், யூனிட், அப்புறம் 'கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' அவ்வளவுதான். "இது எந்த ஊருடா?"ன்னு அத்தை கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அந்தக் கடிதங்களில் எழுதச் சொன்னதைவிட எழுத வேணாம்னு சொன்னதுதான் எனக்கு அதிகம் ஞாபகம் இருக்கிறது. சினை மாடு செத்துப்போச்சு, "அத எழுதாத, அங்க போய் மனசு உடைஞ்சி நிப்பாரு." நவரை நெல்லு பாதி பதர், "சுமாரா விளைஞ்சிதுன்னு எழுது." கொழுந்தனோடு வரப்புத் தகராறு, "அது வந்தப்புறம் பாத்துக்கலாம்." எல்லாம் நலம், எல்லாம் நலம் என்று எழுதி எழுதி, மாமா வருஷ லீவில் வரும்போது மூட்டையாய் ஒரு வருஷத்துக் கஷ்டம் ஒரே ராத்திரியில் அவர் முன்னால் இறங்கும். முதல் நாள் மிக்சர், ஸ்வீட், கேன்டீன் சோப்பு. மூணாம் நாள் சண்டை. பாதி வருஷம் அப்படித்தான்.

1987 ஜூலையில் ராஜீவ் காந்தி–ஜெயவர்த்தனா ஒப்பந்தம் ஆனது, அமைதிப்படை இலங்கைக்குப் போனது. மாமாவின் யூனிட்டும் போனது. அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் சண்டை தொடங்கியதும் தெருவே மாறிவிட்டது. அதுவரை மிலிட்டரிக்காரர் வீடு என்றால் ஒரு மரியாதை. இப்போது டீக்கடையில் பேச்சு வேற மாதிரி. ராத்திரி பி.பி.சி. தமிழோசை கேட்கிற வீடுகளில் அங்கே தமிழர்கள் படுகிற பாடுதான் பேச்சு. அத்தையும் அதே ரேடியோவைத்தான் கேட்டாங்க, ஆனால் அவங்க கேட்டது வேற ஒண்ணு. எத்தனை ஜவான் செத்தாங்க, எந்த இடம். ரெண்டு பக்கச் சாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாங்க. யாராவது "மாமா எங்க இருக்காரு?"ன்னு கேட்டால் "வடக்கே எங்கியோ"ன்னு சொல்லச் சொல்லிப் பிள்ளைகளுக்குப் பழக்கி வைத்திருந்தாங்க. சொந்த ஊரிலேயே புருஷன் இருக்கிற இடத்தை மறைக்க வேண்டிய நிலைமை. கடைசிப் பிரிவு 1990 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்துக்குத் திரும்பியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்புக்குப் போகவில்லை. அவர் பக்கத்து நியாயத்தைப் பலரும் எழுதியிருக்கிறார்கள், நானும் அதை மறுக்கவில்லை. கிட்டத்தட்ட 1200 இந்தியச் சிப்பாய்கள் திரும்பவில்லை என்பதும் உண்மை. எங்க மாமா திரும்பி வந்தார். அந்த ரெண்டரை வருஷத்தைப் பற்றி ரெண்டு பேரும் பேசி நான் கேட்டதில்லை.

ஒரு விஷயம் மட்டும் அந்தச் சமயத்தில் மாறியது. சண்டை மூண்ட கொஞ்ச நாளில் மணியார்டர் அத்தை பேருக்கு வர ஆரம்பித்தது. மாமா தானே மாற்றினாரா, கூட இருந்த யாராவது சொன்னார்களா, தெரியாது. கையெழுத்துப் போட அத்தைக்கு நான்தான் கற்றுக் கொடுத்தேன். அவங்க பேரில் நாலே எழுத்து. ஒரு வாரம் ஆச்சு.

அந்தக் காலம் வரைக்கும் எல்லையில் இறந்த சிப்பாயின் உடல் பெரும்பாலும் ஊருக்கு வராது. அங்கேயே தகனம், ஊருக்குத் தந்தி, பிறகு ஒரு பெட்டியில் சாமான்கள். 1999 கார்கிலில்தான் உடல்களை ஊர் ஊராக அனுப்பி வைப்பது வழக்கமானது. அதற்குப் பிறகு சாவு ஊர் முழுக்கத் தெரியும்படி நடக்கிறது. மந்திரி வருகிறார், டிவி வருகிறது. அன்றைக்கு முழுக்க அந்தப் பெண்ணைச் சுற்றிக் கேமரா இருக்கும். பதினாறாம் நாளுக்குப் பிறகு பணம் யாருக்கு என்ற பேச்சு ஆரம்பிக்கும், அப்போது கேமரா இருக்காது. வீரப் பதக்கத்தோடு வருகிற மாதாந்திரத் தொகைக்கு ஒரு விதி இருந்தது தெரியுமா? விதவை மறுமணம் செய்துகொண்டால் அந்தத் தொகை நின்றுவிடும், செத்தவரின் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டால் மட்டும் தொடரும். இந்த நிபந்தனையை எடுத்தது 2017 நவம்பரில்தான். 1844-ல் சிப்பாய் எழுதிக் கொடுத்த 'குடும்பம்' என்ற சொல்லுக்கு அர்த்தம் மாற எவ்வளவு காலம் ஆகியிருக்கிறது பாருங்கள்.

ஆவடி சி.ஆர்.பி.எஃப். முகாமைச் சுற்றி இருக்கிற குடும்பங்களின் கணக்கு இன்னும் வேறே. 2019 பிப்ரவரி 14 புல்வாமாவில் இறந்த 40 பேரும் சி.ஆர்.பி.எஃப். ஆட்கள், அதில் ரெண்டு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஊர் அவர்களையும் மிலிட்டரி என்றுதான் சொல்லும். ஆனால் 2004 ஜனவரிக்குப் பிறகு சேர்ந்தவர்களைப் புதிய பென்ஷன் திட்டத்தில் போட்டார்கள், ராணுவத்தில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷனே தொடர்ந்தது. ஒரே எல்லை, ஒரே குளிர், வீட்டுக்கு வருகிற காசு மட்டும் வேறே.

இப்போது எங்க ஊரில் புருஷன் அருணாச்சலில் இருக்கிற ஒரு பெண் ரெண்டு ஏக்கர் சம்பா வைத்திருக்கிறாள். சம்பளம் புருஷன் கணக்குக்கு வருகிறது, ஏ.டி.எம். கார்டு இவள் கையில். போன மாசம் மோட்டார் காயில் எரிந்துபோய், வீடியோ காலில் அவனுக்குக் காட்டப் பார்த்தாள். அங்கே சிக்னல் இல்லை. மெக்கானிக்கை இவளே கூட்டி வந்து, பேரம் பேசி, பழைய காயிலின் செம்புக் கம்பியை எடை போட்டுக் கழித்துக்கொண்டு மிச்சப் பணத்தைக் கொடுத்தாள். சாயங்காலம் தண்ணி பாய்ந்துவிட்டது. அவன் ரெண்டு நாள் கழித்துக் கூப்பிட்டபோது சொன்னாளா என்று கேட்டேன். "எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன் மாமா" என்றாள்.