சிம்லிங்க்கைப் போட்டது யார்?

1983-ல் பெர்க்லியிலிருந்து வெளிவந்த 4.2பிஎஸ்டி வழியாகத்தான் யூனிக்ஸ் உலகில் சிம்லிங்க் பரவியது. அதற்கு முன்பிருந்தே ஹார்டு லிங்க் உண்டு. ஆனால் அதனால் ஒரே கோப்பு முறைமைக்குள்தான் வேலை செய்ய முடியும். ஒரு டிஸ்க்கில் இருப்பதை இன்னொரு டிஸ்க்கில் இருப்பதாகக் காட்ட முடியாது. பெர்க்லிக்காரர்கள் கண்ட வழி எளியது. ஒரு சிறு கோப்பு, அதற்குள் வேறொரு பாதை. அதைத் திறக்கப்போகும் நிரலை கெர்னல் சத்தமில்லாமல் அந்தப் பாதைக்கு அனுப்பிவிடும். குடிபெயர்ந்த வீட்டின் கதவில் புது விலாசத்தை ஒட்டிவைப்பது போன்ற ஏற்பாடு. சாதாரண நிரல்களுக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. தரவுத்தள மென்பொருளின் கதை வேறு. அது பாதையை வழியாக மட்டும் பார்ப்பதில்லை, பல இடங்களில் அடையாளமாகவே வைத்துக்கொள்கிறது. ஒரே பொருளுக்கு இரண்டு பாதைகள் என்றால் அதற்கு இரண்டு அடையாளங்கள். ஆகவே சிம்லிங்க் தன்னளவில் ஆபத்தானதல்ல. மென்பொருளுக்குத் தெரியாமல் நிர்வாகி போட்ட சிம்லிங்க்தான் ஆபத்து. கடந்த முப்பது ஆண்டு அனுபவம் இதைத்தான் காட்டுகிறது.

ஆரக்கிளை எடுத்துக்கொள்வோம். 1990-களில் கேரி மில்சாப் வகுத்த ஓஎஃப்ஏ என்ற ஒழுங்குமுறையில் யு01, யு02 என்று டிஸ்க்குகளுக்குப் பெயர். நிறுவும் டைரக்டரியின் பாதையிலேயே பதிப்பு எண்ணும் வரும். பல பதிப்புகளை அருகருகே வைத்துக்கொள்ள நல்ல ஏற்பாடுதான், ஆனால் பாதை நீண்டுவிடும். குட்டையாக ஒரு சிம்லிங்க் போட்டு அதையே ஆரக்கிள் ஹோம் என்று அறிவிக்கும் ஆசை அங்கிருந்துதான் வருகிறது. யூனிக்ஸில் ஆரக்கிள் தன் பகிர்நினைவகத்தைத் தேடும் சாவியை, ஹோம் பாதையின் எழுத்துகளையும் எஸ்ஐடி பெயரையும் சேர்த்துத்தான் கணக்கிடுகிறது. உண்மைப் பாதையைக் கொடுத்துத் தரவுத்தளத்தைத் தொடங்கிவிட்டு, இன்னொரு ஷெல்லில் சிம்லிங்க் பாதையோடு உள்ளே நுழைந்தால் சாவி பொருந்தாது. நூற்றுக்கணக்கானோர் வேலை செய்துகொண்டிருக்கும் தரவுத்தளத்தைப் பார்த்து, இது ஓடவே இல்லை என்று எஸ்க்யூஎல்-பிளஸ் சொல்லும். வினவல் கொடுத்தால் ஓஆர்ஏ-01034 என்ற பிழை வரும். பதறிப்போன டிபிஏ அடுத்து ஸ்டார்ட்அப் கட்டளை கொடுப்பார். அப்போது காப்பாற்றுவது ஹோமுக்குள் டிபிஎஸ் டைரக்டரியில் இருக்கும் பூட்டுக் கோப்பு. எந்தப் பாதையில் போனாலும் அது ஒரே கோப்பு என்பதால் இரண்டாவது முயற்சி அங்கே தடுக்கப்படும். ஒரே மென்பொருளில் ஒரு பாதுகாப்பு பாதையின் எழுத்துகளை நம்புகிறது, இன்னொன்று கோப்பையே நம்புகிறது. சிம்லிங்க் இந்த இரண்டையும் பிரித்துவிடுகிறது. ஒட்டுப்போடும் ஓபேட்ச் கருவியும், நிறுவியபோது பதிவேட்டில் எழுதிய பாதையைத்தான் தேடும். பிற்காலத்து கிரிட் நிறுவல் கையேடு ஹோமோ, பேஸோ, ரூட் வரையிலான மேல் டைரக்டரி எதுவுமோ சிம்லிங்க்காக இருக்கக் கூடாது என்றே சொல்லிவிட்டது.

மைஎஸ்க்யூஎல் எதிர்த்திசையில் தொடங்கியது. டிஸ்க் நிரம்பினால் தரவுத்தள டைரக்டரியை வேறு டிஸ்க்குக்கு மாற்றி சிம்லிங்க் போடலாம் என்று அதன் கையேடே வழிகாட்டியது. மைஐசாம் என்ற சேமிப்பு எஞ்சினின் அட்டவணையை வேறிடத்தில் வைக்கும் டேட்டா டைரக்டரி வசதியும் உள்ளே சிம்லிங்க்தான். 2008-ல் இதில் ஓட்டை தெரிந்தது. குறைந்த உரிமையுள்ள பயனர் ஒருவர் இந்த வசதியால் சர்வரின் சொந்தத் தரவு டைரக்டரியையே சுட்டி, பின்னால் அங்கே உருவாகும் பிறர் அட்டவணையை எட்டிவிட முடிந்தது. அத்தகைய பாதைகளைத் தடுத்துச் சரிசெய்தார்கள். அந்தத் திருத்தத்தையும் பாதைக்கு நடுவே ஒரு சிம்லிங்க்கை வைத்தே தாண்டலாம் என்று அதே ஆண்டில் தெரிந்தது. இன்னொரு சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியின் கோப்புகளுக்கு சிம்லிங்க் ஆதரவே இல்லை. 5.6 பதிப்பில் இன்னோடிபிக்கும் டேட்டா டைரக்டரி வசதி வந்தபோது, ஐஎஸ்எல் என்ற உரைக்கோப்பில் பாதையைத் தானே எழுதிவைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள், 8.0-ல் மைஐசாமுக்கான சிம்லிங்க் ஆதரவும் இயல்பிலேயே அணைக்கப்பட்டது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. போஸ்ட்கிரெஸ் தன் டேபிள்ஸ்பேஸ்களை நடத்துவதே சிம்லிங்க்கால்தானே? ஆம், 2005-ல் வந்த 8.0 முதல் அப்படித்தான். ஆனால் அந்த லிங்க்கைப் போடுவது கிரியேட் டேபிள்ஸ்பேஸ் கட்டளை. எது எங்கே போகிறது என்று சர்வருக்குத் தெரியும், பேக்கப் கருவிக்கும் தெரியும். நிர்வாகி கையால் போட்ட மற்ற லிங்க்குகளை பிஜி-பேஸ்பேக்கப் தாண்டிப்போய்விடும். மீட்டெடுக்கும் நாளில்தான் அந்த இழப்பு தெரியும். 2015 மே மாதம் நடந்தது இன்னும் தெளிவான சாட்சி. கிராஷுக்குப் பிறகு தொடங்கும்போது தரவு டைரக்டரியில் உள்ள எல்லாக் கோப்புகளையும் டிஸ்க்கில் உறுதிசெய்ய வேண்டும் என்ற நல்ல திருத்தம் 9.4.2-ல் வந்தது. ஆனால் எஸ்எஸ்எல் சான்றிதழ் போன்ற சில கோப்புகளில் சர்வருக்கு எழுத உரிமை இராது. டெபியனின் பழைய நிறுவல்களில் அவை வெளியே இருந்த கோப்புகளுக்கான சிம்லிங்க்குகள். தொட முடியாத கோப்பைக் கண்ட சர்வர் தொடங்கவே மறுத்தது. இரண்டே வாரத்தில் 9.4.3 வெளியிட வேண்டியதாயிற்று. பிழை திருத்தத்தில்தான், லிங்க்கில் இல்லை என்று வாதிடலாம். ஆனால் தன் டைரக்டரியில் இருப்பதெல்லாம் தன்னுடையது என்று ஒரு தரவுத்தளம் எண்ணுவதைத் தவறு என்று சொல்வது கடினம். எஸ்க்யூலைட்டும் இதே பாடத்தைப் படித்தது: ஜர்னல் கோப்பின் பெயர் தரவுக் கோப்பின் பெயரிலிருந்து வருவதால், 2016-ன் 3.10.0 முதல் யூனிக்ஸில் அது சிம்லிங்க்கை அவிழ்த்து உண்மைப் பெயரிலேயே திறக்கிறது.

டிஸ்க் நிரம்பினால் வேறு வழி என்ன என்று கேட்பவர்களுக்கு எல்விஎம் இருக்கிறது, தனி மவுண்ட் இருக்கிறது, பாதை மாறாது. மவுண்ட்டும் குறையற்றதல்ல, மறுதொடக்கத்தில் ஏறாமல்போனால் வெற்று டைரக்டரிதான் மிஞ்சும். பதிப்பு மாற்ற ‘கரன்ட்’ என்ற லிங்க் வசதி என்பவர்களின் வாதம் பாதி சரி. மனிதர் தட்டச்சு செய்யும் கட்டளைப் பாதையில் அது இருக்கலாம். சர்வரைத் தொடங்கும் கோப்பில் இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் பழைய நிரல் புதுப் பதிப்பின் நூலகக் கோப்பை இழுத்துக்கொள்ள நேரலாம். அடுத்த மேம்படுத்தலுக்கு முன் நிறுவல் டைரக்டரியிலும் தரவு டைரக்டரியிலும் உள்ள சிம்லிங்க்குகளை ஃபைண்ட் கட்டளையால் பட்டியலிடுங்கள். மென்பொருள் தானே போடாதது ஒவ்வொன்றுக்கும் காரணம் கேளுங்கள்.