திருச்சுழியில் ஒரு இரண்டு பாக வீடு

அருப்புக்கோட்டையில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். கீழே நாங்கள், மாடியில் இரண்டு போர்ஷன், வாடகைக்கு. கரிசல் மண் மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். அஸ்திவாரத்துக்கே பெரும் பணம் போயிற்று. "இவ்வளவு போட்டாச்சு, மேல ஒரு தளம் ஏத்திருங்க சார், வாடகை வந்து கடனைக் கட்டிரும்" என்றார் கொத்தனார்.

அம்மாவுக்கு அரை மனசுதான். "ஒண்ணாவது சும்மா கிடக்கட்டும்ப்பா. நாலு பேரு வந்தா தங்க வேணாமா?"

உடனே திருச்சுழியில் பார்த்த ஒரு வீடு ஞாபகம் வந்தது. 1879-ல் ரமண மகரிஷி பிறந்த வீடு. இன்று சுந்தர மந்திரம். அதைக் கட்டியவர் அவர் தந்தை சுந்தரம் ஐயர். 12 வயதில் மாதம் 2 ரூபாய் சம்பளத்துக்குக் கணக்கு எழுதப் போனவர். பிறகு மனு எழுதிக்கொடுத்தார். கடைசியில் பட்டம் இல்லாமலே வக்கீலாக வாதாட அனுமதி பெற்றார். காசு சேர்ந்ததும் கட்டிய வீட்டில் ஒரு பகுதி குடும்பத்துக்கு, இன்னொரு பகுதி விருந்தினருக்கு. ஊருக்கு வரும் அதிகாரிகளும் புதியவர்களும் அங்கே தங்கினார்கள்.

அந்தப் பகுதி தந்தது பணமல்ல, செல்வாக்கு என்பது என் கணிப்பு. வக்கீல் தொழிலுக்கு அதுதானே முதல்? ஆனால் செல்வாக்கு ஆளோடு போய்விடும். 1892-ல் அவர் இறந்தார். குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. மூத்த பிள்ளைகள் நாகசாமியும் வேங்கடராமனும் மதுரையில் சித்தப்பா சுப்பையர் வீட்டுக்கு. தாய் அழகம்மாள் சின்னப் பிள்ளைகளோடு மானாமதுரையில் இன்னொரு கொழுந்தனார் நெல்லையப்பையர் வீட்டுக்கு.

என் வேலைக்கும் பென்ஷன் கிடையாது. வாடகை, நான் போனாலும் வரும். சட்டமும் இப்போது தெளிவு: 1960-ன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது.

இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அந்தப் பிள்ளைகளை யாரு கூட்டிட்டுப் போனா? சித்தப்பாமாருதானே? வாடகைக்காரனா வந்தான்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. மாடியில் ஒரு போர்ஷனுக்கு மட்டும் தனி மீட்டர் கேட்டு எழுதிக்கொடுத்திருக்கிறேன்.